அந்த ஒரு ஹிட் அங்கேயே இருக்கட்டும்

ஜூன் பிறந்தால் போதும், டெட்ராய்ட் வட்டாரத்தில் ஒரு பழைய வழக்கு மறுவிசாரணைக்கு வந்துவிடும். முடிதிருத்தும் கடையில், ஆலை கேன்டீனில், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தில்கூட இதே பேச்சுதான். அர்மாண்டோ கலராகாவின் கைநழுவிப் போன ‘பெர்ஃபெக்ட் கேம்’ அவருக்கு இப்போதாவது தரப்பட வேண்டுமா, இல்லையா? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ‘தரத்தான் வேண்டும்’ என்பார்கள். நான் அந்தப் பத்தாவது ஆள். இந்தப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். டெட்ராய்ட் டைகர்ஸ்தான் என் அணி. கலராகாவுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரில் யாரும் கை வைக்கக் கூடாது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட். ஆக, எதிரணியின் 27 அவுட்டையும் எடுத்தால் ஒரு பிட்சரின் வேலை முடிந்தது. அந்த 27 பேரில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல், வந்த வரிசையிலேயே எல்லோரையும் திருப்பி அனுப்பினால் அது பெர்ஃபெக்ட் கேம். ஹிட் கிடையாது, இலவசமாக நடந்துபோவது கிடையாது, தோழர்கள் பந்தைத் தவறவிடுவதும் கிடையாது. பெரிய லீகுகளின் வரலாற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2010 ஜூன் தொடங்கியபோது பெர்ஃபெக்ட் கேம் கணக்கு வெறும் 20தான்.

பாக்ஸ் ஸ்கோர் என்பது ஆட்டம் முடிந்தபின் மிஞ்சும் புள்ளிவிவரக் கட்டம். பேட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: எத்தனை முறை ஆட வந்தார், எத்தனை ஹிட், எத்தனை ரன், எத்தனை ரன் வரக் காரணமானார். பிட்சர்களுக்குத் தனிக் கட்டம். கீழே ஆட்டம் நடந்த நேரம், பார்வையாளர் எண்ணிக்கை, அம்பயர்களின் பெயர்கள். இதை வடிவமைத்தவர்களில் முதலில் சொல்லப்படும் பெயர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1824இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1850களில் பேஸ்பால் பக்கம் திரும்பியபோது கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் ஒழுங்கையும் கையோடு கொண்டுவந்தார். அதனால்தான் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து வளர்ந்த நம் ஆட்களுக்கு பாக்ஸ் ஸ்கோரை ஒரே நாளில் படிக்கப் பழகிவிடுகிறது.

எனக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஆலையில் டை அடிக்கும் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் 7, 8, 9. மூன்றாம் பேஸ்காரர் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு வீசி அவுட் எடுத்தால் 5-3. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதையும் ஒரே தாளில் அடக்கிவிடலாம். கடைசியில் கணக்குச் சரிபார்க்கவும் அவர் சொல்லிக்கொடுத்தார். ஓர் அணியில் மொத்தம் எத்தனை பேர் ஆட வந்தார்களோ அந்த எண், எடுத்த ரன், விழுந்த அவுட், பேஸிலேயே நின்றுபோன ஆட்கள் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆட வந்தவன் ஒன்று வீடு திரும்பினான், அல்லது அவுட் ஆனான், அல்லது நடுவழியில் நின்றான். நான்காவது கதி கிடையாது. இது அதிகாரபூர்வ விதியிலேயே இருக்கிறது.

இனி அந்த ஆட்டம். 2010 ஜூன் 2, புதன்கிழமை மாலை, டெட்ராய்ட்டின் கொமெரிக்கா பார்க். டைகர்ஸுக்கு எதிராகக் கிளீவ்லாந்து இண்டியன்ஸ். பந்து வீசியவர் வெனிசுவேலாக்காரரான கலராகா. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பெரிய அணியில் இடமில்லாமல் டொலீடோவில் சிறு லீகில் ஆடிக்கொண்டிருந்து, மே மாதம்தான் மேலே அழைக்கப்பட்டவர். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது 24 பேர் வந்து 24 பேரும் அவுட். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் மார்க் குருட்ஸெலானெக் நடுக்களத்தின் ஆழத்துக்கு ஓங்கி அடித்தார். ஆஸ்டின் ஜாக்சன் சுவரை நோக்கி முதுகைக் காட்டி ஓடியபடியே தோளுக்கு மேலாக அந்தப் பந்தைப் பிடித்தார். அப்போதே பலருக்கு இது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. 26ஆவது ஆளும் அவுட்.

27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட். அந்த மே மாதம்தான் பெரிய லீகுக்கு வந்த புதுப்பையன். முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே தரையோடு ஓர் அடி. முதல் பேஸ்காரர் மிகெல் கப்ரெரா வலப்பக்கம் ஓடி எடுத்து, பேஸை நோக்கி ஓடிவந்த கலராகாவுக்கு வீசினார். கலராகா பந்தோடு பேஸை மிதித்தார். நான் வீட்டில் டிவி முன்னால் ஸ்கோர் புத்தகத்தை மடியில் வைத்து, 3-1 என்று எழுதப் பென்சிலைத் தயாராக வைத்திருந்தேன். முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் அகல விரித்தார். ‘சேஃப்.’ மறுஒளிபரப்பில் பார்த்தால் டொனால்டின் கால் வந்துசேர இன்னும் ஓர் அடி பாக்கி இருந்தது. கண் தெரியாதவருக்கும் தெரியும் அவுட் அது. கப்ரெரா கத்தினார், மேலாளர் ஜிம் லேலண்ட் ஓடிவந்தார், அரங்கமே கொதித்தது. கலராகா மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, மேட்டுக்குத் திரும்பிப் போனார். அடுத்து வந்த ட்ரெவர் க்ரோவை 5-3 என்று அவுட் எடுத்து ஆட்டத்தை முடித்தார்.

பாக்ஸ் ஸ்கோர் இதை எப்படிச் சொல்கிறது? கலராகா: ஒன்பது இன்னிங்ஸ், ஒரு ஹிட், ரன் இல்லை, இலவச நடை இல்லை, மூன்று ஸ்டிரைக்அவுட். வீசிய பந்துகள் 88. டைகர்ஸ் 3, கிளீவ்லாந்து 0. ஆட்டம் முடிய எடுத்துக்கொண்டது 1 மணி 44 நிமிடம். பார்வையாளர்கள் 17,738. கிளீவ்லாந்தின் கணக்கைச் சரிபார்த்துப் பாருங்கள்: ஆட வந்தவர்கள் 28. ரன் 0, அவுட் 27, பேஸில் நின்றவர் 1. இம்மி பிசகாமல் நேராகிறது.

நேராகிறதே தவிர நியாயமாக இல்லை என்பதுதான் கலராகா தரப்பின் வாதம். அம்பயரே அன்றிரவு ரீப்ளே பார்த்துவிட்டுத் தன் தவற்றை ஒப்புக்கொண்டார். கண்ணீரோடு கலராகாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பகல் ஆட்டத்துக்கு விடுப்புத் தருவதாக லீக் சொல்லியும் மறுத்து, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் தலைமை அம்பயராகக் களத்துக்கு வந்தார். அணிப் பட்டியலை அவரிடம் கொடுக்க லேலண்ட் அனுப்பியது கலராகாவை. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டது நாடு முழுக்கத் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கலராகாவுக்கு ஒரு கார்வெட் காரைப் பரிசளித்தது. மிச்சிகன் ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் இது பெர்ஃபெக்ட் கேம்தான் என்று ஓர் அறிவிப்பே வெளியிட்டார். பேஸ்பால் கமிஷனர் பட் சீலிக் மட்டும் தீர்ப்பை மாற்ற மறுத்தார். 2022இல் நியூ ஜெர்சியின் மான்மத் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வழக்கறிஞர்கள் எழுதுவதைப் போலவே நீண்ட மனு ஒன்றைத் தயாரித்து லீகிடம் வாதாடினார்கள். லீக் அசையவில்லை.

லீக் செய்தது சரி என்று நான் சொல்வதற்குக் காரணம், பதிவேடு புனிதமானது, தொடக் கூடாதது என்ற நம்பிக்கை அல்ல. அப்படி நம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பேஸ்பால் பதிவேட்டைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள், திருத்தத்தான் வேண்டும். எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

சிகாகோ கப்ஸ் அணியின் ஹேக் வில்சன் 1930இல் 190 ரன்களை உள்ளே கொண்டுவந்தார் என்பது பல தலைமுறை ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருந்த எண். ஒரே பருவத்தில் அத்தனை ரன்னுக்குக் காரணமானவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பழைய பாக்ஸ் ஸ்கோர்களைத் தோண்டியபோது, அந்த ஆண்டு ஜூலையில் நடந்த ஓர் ஆட்டத்தில் வில்சனுக்குச் சேர வேண்டிய ஒரு ரன் சக வீரர் சார்லி கிரிம்மின் கணக்கில் ஏறியிருந்தது தெரிந்தது. 1999இல் எண் 191 ஆனது. திருத்தத்துக்கு ஒப்புதல் தந்த கமிஷனர் யார் தெரியுமா? இதே பட் சீலிக்தான். அங்கே திருத்தியவர் இங்கே ஏன் மறுத்தார் என்று கேட்பவர்கள் இரண்டும் ஒரே வகைத் தவறு என்று நினைக்கிறார்கள். 1930இல் களத்தில் ஒன்று நடந்தது, தாளில் வேறொன்று ஏறியது. 2010இல் களத்தில் நடந்ததுதான் தாளிலும் ஏறியது. களத்தில் நடந்தது தப்பு, அவ்வளவுதான்.

எங்கள் டைகர்ஸின் பழம்பெரும் வீரர் டை காப் சங்கதி இன்னும் சுவாரசியமானது. 1910இல் பெரிய லீகுகளின் சிறந்த பேட்டருக்கு, அன்று டெட்ராய்ட்டில் இயங்கிய சால்மர்ஸ் கம்பெனி ஒரு காரைப் பரிசாக அறிவித்தது. காப்பும் கிளீவ்லாந்தின் நாப் லாஜுவேயும் கடைசி நாள்வரை மல்லுக்கட்டினார்கள். முடிவில் காப் மயிரிழையில் முந்தினார். சால்மர்ஸ் பேசாமல் இருவருக்கும் கார் கொடுத்துவிட்டது. எழுபது ஆண்டு கழித்து உண்மை வெளிவந்தது. டைகர்ஸ் ஆடிய ஒரே ஆட்டத்தை லீக் பதிவேட்டில் காப்பின் பெயரில் இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள். ஒருமுறை ஆடியதற்கு இருமுறை ஹிட் கணக்கு. 1981இல் இது அச்சில் வந்தபோது கமிஷனர் போவி கூன் பழைய கணக்கே நிற்கும் என்றார். என் அணிக்காரருக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் கூன் செய்தது தப்பு. நடக்காத ஆட்டத்துக்கு ஹிட் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? ஆக, இரண்டு கமிஷனர்கள் ‘மாற்ற மாட்டேன்’ என்றார்கள். ஒருவர் சொன்னது தவறு, இன்னொருவர் சொன்னது சரி.

இவற்றைவிடப் பெரிய திருத்தம் 2024 மே மாதக் கடைசியில் வந்தது. கறுப்பின வீரர்களை வெள்ளையர் லீகுகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920 முதல் 1948 வரை, அவர்கள் தனி லீகுகளில் ஆடினார்கள். அந்த ஆட்டங்களின் புள்ளிவிவரம் பெரிய லீகுகளின் பதிவேட்டில் ஏறியதே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களில் பாக்ஸ் ஸ்கோர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். இறுதியில் 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கு அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் ஜாஷ் கிப்சன் .372 என்ற எண்ணோடு டை காப்பை முந்தி முதலிடம் பெற்றார். வில்லி மேஸுக்கு 1948இல் பர்மிங்ஹாம் அணியில் அடித்த 10 ஹிட்டுகள் கூடுதலாகக் கிடைத்தன. காப்பை முதலிடத்திலிருந்து இறக்கியது எங்கள் ஊரில் சிலருக்குக் கசந்தது. எனக்குக் கசக்கவில்லை. நடந்த ஆட்டங்களை நடக்காததுபோல் வைத்திருந்த பதிவேடு அது, நடந்ததைச் சேர்த்தார்கள்.

வில்சன், காப், கிப்சன் மூவரின் விஷயத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. தாளுக்கும் களத்துக்கும் இடையே இருந்த தூரத்தைத் திருத்தம் குறைக்கிறது. கலராகாவுக்குக் கேட்கிற திருத்தமோ அந்தத் தூரத்தைப் புதிதாக உண்டாக்கும்.

எப்படி என்று அதே பாக்ஸ் ஸ்கோரை வைத்தே பார்க்கலாம். டொனால்ட் 27ஆவது அவுட் என்று மாற்றினால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். அப்படியானால் ட்ரெவர் க்ரோ ஆட வந்ததை அழிக்க வேண்டும். அவருக்கு வீசிய பந்துகளை 88இலிருந்து கழிக்க வேண்டும். பிராண்டன் இஞ்ச் எடுத்து வீசிய கடைசி 5-3ஐ, கப்ரெரா அதைப் பிடித்ததை அழிக்க வேண்டும். க்ரோ ஆடும்போது டொனால்ட் இரண்டாம் பேஸுக்கும் பிறகு மூன்றாம் பேஸுக்கும் ஓடினார். டைகர்ஸ் யாரும் அவரைத் தடுக்கக்கூட முயலவில்லை. ஸ்கோரர் அதற்கு ‘திருடிய பேஸ்’ என்று பெருமை தரவில்லை, தடுக்கும் அணி பொருட்படுத்தவில்லை என்ற வகையில் பதிந்தார். அந்த நேரத்தில் களத்தில் இருந்தவர்களின் மனநிலை அத்தனையும் அந்த ஒரு பதிவில் இருக்கிறது. அதையும் அழிக்க வேண்டும். 17,738 பேர் கண்ணால் பார்த்த ஒரு பேட்டரைத் தாளில் இல்லாமல் ஆக்கினால்தான் அந்தப் பெர்ஃபெக்ட் கேம் கிடைக்கும்.

அதே பாக்ஸ் ஸ்கோரில் திருத்தியே ஆக வேண்டிய ஒன்றும் இருந்தது, திருத்தியும்விட்டார்கள். அன்று கிளீவ்லாந்துக்குப் பந்து வீசியவர் ஃபௌஸ்டோ கார்மோனா. எட்டு இன்னிங்ஸையும் தனியாளாகவே வீசினார், நன்றாகவே வீசினார், தோற்றார். 2012 ஜனவரியில் டொமினிக்கன் குடியரசில் அவர் கைதானபோதுதான் அந்தப் பெயரே அவருடையது இல்லை என்பது தெரிந்தது. உண்மைப் பெயர் ராபர்டோ ஹெர்னாண்டஸ், வயதும் சொன்னதைவிட மூன்று கூடுதல். இன்று பதிவுகளில் தேடினால் ஹெர்னாண்டஸ் என்றே வருகிறது. வரத்தான் வேண்டும். யார் வீசினார் என்பது நடந்த செய்தி. அம்பயர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதும் நடந்த செய்தி. முதலாவது தாளில் தவறாக இருந்தது. இரண்டாவது சரியாக இருக்கிறது, படிக்கக் கசந்தாலும்.

எதிர்த் தரப்பு வழக்கமாக எடுத்துவைக்கும் முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1983 ஜூலை 24 அன்று நியூயார்க்கில் கான்சஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். மட்டையில் பைன் பிசின் அனுமதித்த அளவைத் தாண்டிப் பூசியிருக்கிறது என்று சொல்லி அம்பயர்கள் அவரை அவுட் ஆக்கினார்கள். ஆட்டம் முடிந்தது. கான்சஸ் சிட்டி முறையீடு செய்தது. லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அம்பயர்களின் முடிவைத் தள்ளி ஹோம் ரன்னைச் செல்லுபடியாக்கினார். அன்று முடிந்தது, இன்று ஏன் முடியாது என்கிறார்கள். இரண்டு வித்தியாசம் சொல்கிறேன். பிரெட் வழக்கு விதியை எப்படிப் பொருள்கொள்வது என்ற சிக்கல். அவுட்டா சேஃபா என்பது அம்பயரின் கண் சார்ந்த முடிவு; அதன்மேல் முறையிடவே அன்றைய விதியில் இடமில்லை. அதைவிட முக்கியம், மெக்ஃபெயில் தாளில் முடிவை எழுதிவிட்டுப் போகவில்லை. ஹோம் ரன் விழுந்த இடத்திலிருந்து ஆட்டத்தை மறுபடி ஆடச் சொன்னார்; ஆகஸ்ட் 18 அன்று இரு அணிகளும் வந்து மீதியை ஆடி முடித்தன. ஆடாத ஆட்டத்தை அவரும் எழுதவில்லை.

இன்னொரு வாதம் மென்மையாக வரும். ‘வெற்றி தோல்வி மாறாது, புள்ளிப் பட்டியல் மாறாது, யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மனிதனுக்கு மட்டும் நியாயம் கிடைக்கும். கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?’ இதைக் கேட்டால் எனக்கு 1985 உலகத் தொடர்தான் ஞாபகம் வரும். ஆறாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1-0 என்று முன்னிலை. மூன்று அவுட் எடுத்தால் கோப்பை அவர்களுக்கு. முதல் பேட்டர் ஹோர்ஹே ஓர்டா அடித்த பந்தை முதல் பேஸ்காரர் எடுத்து, பேஸை மிதிக்க ஓடிவந்த பிட்சருக்கு வீசினார். கலராகா ஆட்டத்தில் நடந்த அதே 3-1தான். தெளிவான அவுட்டை அம்பயர் டான் டென்கிங்கர் சேஃப் என்றார். கான்சஸ் சிட்டி அந்த இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்து வென்றது. மறுநாள் ஏழாவது ஆட்டத்தை 11-0 என்று வென்று கோப்பையையும் தூக்கியது. இந்தத் தப்பைத் திருத்துங்கள் என்று யாராவது மனு எழுதுகிறார்களா? எழுத மாட்டார்கள். திருத்தினால் ஒரு நகரத்தின் கோப்பையையே கேள்வி கேட்க வேண்டிவரும். அப்படியென்றால் யாருக்கும் வலிக்காத இடத்தில் மட்டும் கொடுக்கிற நியாயம்தான் கலராகாவுக்குக் கேட்கிற நியாயம். செலவில்லாத நீதியை வழங்கிவிட்டு, நாமெல்லாம் நல்லவர்கள் என்று கைதட்டிக்கொள்ளலாம். கார்டினல்ஸ் ரசிகனுக்கு அதில் என்ன பதில் இருக்கிறது?

தவறு தாளிலேயே நிற்பதால் ஒரு பயனும் உண்டு. 2010இல் ரீப்ளே பார்க்க அனுமதி இருந்தது ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும். ஜாய்ஸின் அந்த இரண்டு கை விரிப்பு விவாதத்தை எங்கும் எழுப்பிவிட்டது. 2014 முதல் அவுட்-சேஃப் முடிவுகளையும் மேலாளர்கள் எதிர்த்து ரீப்ளே கேட்கலாம் என்று ஆனது. அந்த ஓர் ஆட்டத்தால் மட்டும் விதி மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விவாதம் எங்கு நடந்தாலும் முதலில் எடுத்துக்காட்டப்பட்டது அந்த ஆட்டம்தான். சீலிக் மறுநாளே பேனாவை எடுத்து ‘பெர்ஃபெக்ட்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால், ஊரே மகிழ்ந்திருக்கும். விதியைப் பற்றிப் பேச யாருக்கும் அவசரம் இருந்திருக்காது. அடுத்து வந்த எத்தனையோ பேட்டர்களுக்கும் பிட்சர்களுக்கும் கிடைத்த நியாயத்தில் கலராகாவின் அந்த ஒரு ஹிட்டுக்குப் பங்கு உண்டு.

சரி, கலராகாவுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாமா? செய்யலாம். அதற்கு ஆலையில் நான் கற்ற பாடம் போதும். ஒவ்வொரு ஷிப்டிலும் உதிரிபாகத்தின் அளவுகளை மைக்ரோமீட்டரில் எடுத்துப் பதிவேட்டில் எழுதுவோம். எழுதியதில் பிழை இருந்தால் அழிரப்பர் கிடையாது, வெள்ளை மை கிடையாது. பிழையான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான எண். திருத்தியவரின் கையெழுத்தும் தேதியும். கோட்டுக்குக் கீழே பழைய எண் படிக்கும்படி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பக்கமே செல்லாது. அளவே தவறிய பாகம் வந்தால் அதன் எண்ணை மாற்றி எழுத மாட்டோம். வந்த எண்ணை அப்படியே எழுதி, ஓரத்தில் ‘குறைபாடு’ என்று குறிப்பெழுதுவோம். எண்ணை மாற்றினால் பாகம் சரியாகிவிடாது. காரில் மாட்டியபிறகு உடைந்தால் யாரும் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

கலராகா விஷயம் அந்த இரண்டாவது ரகம். அதனால் என் யோசனை இது. லீகின் அதிகாரபூர்வப் பதிவில் 2010 ஜூன் 2 ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோருக்குக் கீழே, ஆட்ட நேரமும் அம்பயர் பெயர்களும் இருக்கும் இடத்தில், ஒரு வரி சேர்க்கட்டும்: ‘27ஆவது பேட்டருக்கு முதல் பேஸில் சேஃப் என்று தரப்பட்ட முடிவு தவறு என அம்பயர் ஒப்புக்கொண்டார்.’ எண் எதுவும் மாற வேண்டாம். க்ரோ இருக்கட்டும், டொனால்டின் ஹிட் இருக்கட்டும், 28 என்ற கணக்கு நேராகவே இருக்கட்டும். நூறு ஆண்டு கழித்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறவனுக்கு நடந்ததும் தெரியும், நடந்தது தப்பு என்பதும் தெரியும். இந்த விளையாட்டில் இப்படிக் குறிப்பு எழுதுவதற்குக் கை நடுங்குகிறவர்கள் உண்டு. 1961இல் ரோஜர் மாரிஸ் 61 ஹோம் ரன் அடித்தபோது, முந்தைய சாதனைக்காரர் பேப் ரூத் காலத்தைவிடப் பருவம் நீண்டுவிட்டது என்று சொல்லி அவருடைய சாதனையைத் தனியாகப் பிரித்து எழுதி அவரை வாழ்நாள் முழுக்க வருத்தினார்கள். 1991இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. ஆனால் மாரிஸுக்கு எழுதியது அவருடைய சாதனையைக் குறைக்கும் குறிப்பு. கலராகாவுக்கு எழுத வேண்டியது அவர் என்ன சாதித்தார் என்று சொல்லும் குறிப்பு.

28 பேரைச் சந்தித்து 28 பேரையும் அவுட் எடுத்தவர் கலராகா; அதில் ஒரு அவுட்டை அம்பயர் பார்க்கவில்லை. 27 பேரை வரிசையாக அவுட் எடுத்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். 2023க்குள் அது 24 ஆகிவிட்டது. ‘ஒரு ஹிட்’ என்ற தலைப்பின் கீழ், ஒரே ஒரு குறிப்போடு கலராகா தனியாக நிற்பார். 21ஆவது பெயராக அந்தப் பட்டியலில் சேர்வதைவிட அந்த இடம் மேல் என்று நான் சொன்னால், என் முடிதிருத்துநர் கத்தரியை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவார். வரட்டும். கமிஷனர் அலுவலகம் அந்த ஒரு வரியை மட்டும் எழுதட்டும். மிச்ச வழக்கை நாங்கள் கடையிலேயே வாதாடிக்கொள்கிறோம்.